டேப்பின் மறுமுனை

கல்வட்ட நேசர் கழகத்தின் தலைவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். வலது உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து வைப்பார். அளக்கும் டேப் அந்தக் கையின் மேல்தான் ஓட வேண்டும். மேற்குக் கல்லில் முதுகை ஒட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் டேப்பின் சுருளைப் பிடித்திருப்பார். கிழக்குக் கல்லில் முதுகை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடை அம்மா டேப்பின் வளையத்தைப் பிடித்திருப்பார். மற்ற உறுப்பினர்கள் வட்டத்துக்கு வெளியே, வட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அளப்பவர்களைத் தவிர யாரும் உள்ளே பார்க்கக் கூடாது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மனிதப் பார்வை பட்டால் கல் சுருங்கிக்கொள்ளும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. தொட்டாச்சிணுங்கிக்கு உள்ள குணத்தை அவர் தாராளமாகக் கல்லுக்கும் வழங்கியிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சங்கடம். தலைவர் நல்ல ஆகிருதி உள்ளவர். நடுவில் அவர் நின்றால் மேற்குக் கல்லிலிருந்து பார்ப்பவருக்குக் கிழக்குக் கல் தெரியாது. கண்ணாடிக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் தலைவரின் இடுப்புக்கு வலப்புறமாக எட்டிப் பார்க்கும் ஒரு முழங்கைதான். கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரின் முழங்கை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், மூட்டுவலித் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மாதா மாதம் அவர் மலைமேடு ஏறியது அந்த முழங்கைக்காகத்தான்.

கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு அப்படி ஒரு நோக்கமும் இல்லை. தலைவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் கட்டி மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அங்கே தன் பேச்சைக் கேட்பது ஃபேன் சுவிட்ச் மட்டும்தான் என்று கண்டார். அப்புறம்தான் அவருக்குக் கற்கள்மேல் நாட்டம் வந்தது. எதிர்த்துப் பேசாமல், லீவு கேட்காமல், நிற்க வைத்த இடத்தில் ஆயிரக்கணக்கான வருடம் நிற்கும் ஊழியர்களை எந்த மேலாளருக்குத்தான் பிடிக்காது?

"உங்க கண்ணு எனக்கு வேணும்" என்றார் தலைவர், புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு.

கண்ணாடிக்காரர் கொஞ்சம் பின்வாங்கினார்.

"அளவு படிக்க. ஊர்ல பாதிப் பேரு நீங்க சொன்ன பவர்லதான் உலகத்தையே பாக்கறாங்க. நீங்க ஒரு நம்பர் சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்?"

அதேபோல மருந்துக்கடை அம்மாவிடமும் போய், மாத்திரை எண்ணிப் பழகிய நடுங்காத கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தரிடம் கண், ஒருத்தரிடம் கை என்று வசூல் செய்து, மூளை மட்டும் தன்னுடையதே போதும் என்று விட்டுவிட்டார்.

முதல் பயணமே பெரிய வட்டத்துக்கு. வேன் போகும் மட்டும் போய், அதற்கு மேல் நடை. மரங்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் இனி எங்களால் ஆகாது என்று நின்றுவிட்டன. அதற்கப்புறம் வெறும் புல். புல்லுக்கு மேல் காற்று. மேட்டின் உச்சியில் கற்கள், கூட்டம் முடிந்தும் கலையாமல் யாருக்காகவோ நிற்பவர்களைப் போல நின்றன. சிலது மார்பளவு, சிலது ஆளை விட உயரம், ஒன்று மட்டும் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் மனைவியின் நினைப்பு வந்தது. அவள் போய்ப் பல வருடமாகிறது. வீட்டில் எந்த அறையிலும் வராத நினைப்பு, சம்பந்தமே இல்லாத இந்த வெட்டவெளியில் ஏன் வர வேண்டும் என்று புரியவில்லை.

டேப்பைப் பிடித்து நின்றபோது காற்றில் மூக்கு அரித்தது. தும்மினால் விதி மீறல். அடக்கிப் பார்த்தார். அடங்கியது, ஆனால் உடம்பு குலுங்கியதில் கையிலிருந்த டேப் ஒரு வெட்டு வெட்டியது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து டேப் இரண்டு முறை மெல்ல இழுபட்டது. என்ன ஆச்சு என்று யாரோ சட்டைக் கையைப் பிடித்துக் கேட்டதுபோல இருந்தது. கண்ணாடிக்காரர் ஒரு முறை இழுத்தார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு முறை வந்தது. சரி என்று அர்த்தம்.

நடுவில் நின்ற தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் முகம் வெளிறிவிட்டது. வெளியே வந்ததும் அவர் எல்லாரையும் கூட்டி வைத்து, குரல் தழுதழுக்க, "உள்ளங்கையில உணர்ந்தேன். பூமிக்கு நாடி ஓடுது" என்றார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் தாங்களும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஒருவர் தனக்கு அது இடுப்பில் வந்ததாகச் சொன்னார். அளவு முப்பது மீட்டருக்கு ஒரு விரல்கடை கூட என்று கண்ணாடிக்காரர் படித்துச் சொன்னதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த வருடம் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொரு மாதமும் ஒரு மேடு, ஒரு வட்டம். ஏரியைப் பார்த்தபடி குட்டைக் கற்கள் நின்ற வட்டம் ஒன்று. ஆடுகள் முதுகு சொறிந்து சொறிந்து வழவழப்பாக்கிய வட்டம் ஒன்று. பாதிக் கற்களை யாரோ வேலி கட்டக் கொண்டுபோய்விட்டதால் பிறை போல மிஞ்சிய வட்டம் ஒன்று. எல்லா இடத்திலும் டேப் பேசியது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, நடுவில் விட்டு விட்டு மூன்று. என்ன பேசினோம் என்று கேட்டால் இருவராலும் சொல்லியிருக்க முடியாது. தலைவரின் உள்ளங்கை மட்டும் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டது, ஒன்றும் புரியாமல்.

டேப் இல்லாத இடத்தில் பேச்சு ஓடவில்லை. வேனில் பெண்கள் முன்னால், தலைவரின் மனைவியோடு. ஆண்கள் பின்னால், மடக்கு நாற்காலிகளோடும் அடுப்போடும். இறங்கித் தேநீர் குடிக்கும்போது கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடை அம்மா, "படிக்கறதுக்குத் தனிக் கண்ணாடி போட்டுக்கலாமா சார்?" என்று கேட்பார். கண்ணாடிக்காரர் விளக்குவார். பதிலுக்கு அவர், "சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வருது மேடம்" என்பார். மருந்துக்கடை அம்மா விளக்குவார். கண்ணையும் வயிற்றையும் இப்படிப் பரிமாறிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏறிவிடுவார்கள்.

தலைவரின் மனைவி மட்டும் மேட்டுக்கு வருவதில்லை. வேனிலேயே உட்கார்ந்து கம்பளி பின்னுவார். "வீட்ல அலமாரி ஒரு பக்கம் சாயுது. அடியில அட்டை வைங்கன்னு ஒரு வருஷமா சொல்றேன். இவரு பூமியோட நாடியப் பிடிச்சுப் பாக்கப் போயிட்டாரு" என்பார். அவரும் இப்படித் தன் பங்குக்கு ஏங்கிக்கொண்டிருந்தார், ஓர் அட்டைக்கு.

கண்ணாடிக்காரரின் வீட்டில் அக்கா இருந்தார். கடைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளும் அக்காவின் ஆட்சி.

"எப்பவும் அந்த நீலச் சட்டைதானா? கல்லுக்கு அதான் பிடிக்குமா?"

"வசதியா இருக்குக்கா."

"ஏதாவது சொல்லிச்சா?"

"கல்லு எங்கக்கா பேசும்?"

"நான் அந்தக் கல்லைக் கேக்கல. கையில டேப்பு பிடிச்சுக்கிட்டு நிக்கற இன்னொரு கல்லைக் கேட்டேன். என்னை விட்டா, அதுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுன்னு நான் சத்தியமே பண்ணுவேன்."

கண்ணாடிக்காரர் லென்ஸைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மழைக் காலத்தில் பெரிய வட்டத்துக்கு இரண்டாவது முறை போனார்கள். அன்றைக்குத்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். புல் நனைந்திருந்தது. கல்லும் நனைந்து முதுகில் சில்லென்று உறைத்தது. தலைவர் நடுவில் கண்ணை மூடி நின்றார். வெளியே எல்லாரும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை தெரிந்தது. இவ்வளவு பெரிய வெளியில் ஒரு சாண் நெருங்கி நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கல்லை விட்டு முன்னால் நகர்ந்தார். ஒரே ஒரு சாண். டேப்பைச் சுருட்டி விறைப்பாக்கினார். நெஞ்சு, கல்யாண வீட்டில் பாயசத்தைத் திருடித் தின்றவன் நெஞ்சு போல அடித்துக்கொண்டது.

பிறகு குனிந்து அளவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

போன தடவையை விட ஒரு முழம் குறைந்திருந்தது.

அவர் நகர்ந்தது ஒரு சாண். முழத்துக்கு இரண்டு சாண். இன்னொரு சாண் எங்கே போயிற்று?

மழைத்தூறலில் அப்படியே நின்றார். முதலில் டேப் சுருங்கிவிட்டதோ என்று நினைத்தார். பிறகு மூளை கெட்டுவிட்டதோ என்று நினைத்தார். மூன்றாவதாக ஒன்று தோன்றியபோது அதை நினைக்கவே பயமாக இருந்தது. மெல்ல ஒரு முறை டேப்பை இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் உடனே வரவில்லை. வெகு நேரம் கழித்து, மாட்டிக்கொண்ட பிள்ளை தலையை ஆட்டுவதுபோல, ரொம்ப லேசாக ஓர் இழுப்பு வந்தது.

அளவைச் சொன்னதும், படுத்துக் கிடந்த அந்தக் கல்லின் மேல் தலைவர் உட்கார்ந்துவிட்டார். "ஒரு முழமா?"

"ஒரு முழம்."

"உங்க கண்ணு பொய் சொல்லாது."

"கண்ணு சொல்லாது" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்ப வட்டம் சுருங்கியிருக்கு. நாடி இருக்கு, இப்ப மூச்சும் இருக்கு. இது மூச்சு விடற வட்டம்."

ஒரே வாரத்தில் தலைவர் சிறு பிரசுரம் போட்டார். நகர நூலகத்தில் பேசினார். உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் கையை விரித்து நிற்கும் படம் வந்தது. கையில் டேப் இல்லாததால் யாரிடமோ எதையோ கேட்பதுபோல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியராக இருக்கும் அம்மையார் ஒருவர், தன் பக்கத்து அறைக்காரர் இதை ஒரு மாநாட்டில் கிண்டல் செய்தார் என்பதற்காகவே, வருடக் கடைசிப் பயணத்துக்குத் தானே நேரில் வருவதாக ஒப்புக்கொண்டார். அறிவுலகம் இப்படித்தான் முன்னேறுகிறது.

இத்தனை அமளியும் கண்ணாடிக்காரரின் காதில் விழவில்லை. அவருக்கு அந்த இன்னொரு சாண் போதுமாக இருந்தது. கடையில் பெரியவர் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டே, "கிட்ட வந்தா தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெரியவரைக் குழப்பினார்.

அடுத்த மாதம் வேனில், ஊசியை எண்ணிக்கொண்டே தலைவரின் மனைவி சொன்னார்: "இவங்க கடையைக் கொடுத்துட்டாங்களாம், தெரியுமா? பையன் கூப்பிட்டுட்டான். வருஷம் முடிஞ்சதும் கடல் தாண்டிப் போறாங்க. இனிமே எனக்கு யாரு கேஸ் மாத்திரை தருவா?"

பின்சீட்டில் ஒரு மடக்கு நாற்காலி சரிந்து கண்ணாடிக்காரரின் காலில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த பயணங்களில் அவர் பேசத்தான் நினைத்தார். ஒவ்வொரு முறையும் வேனில் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டு போவார். மேட்டின் மேல், கையில் தேநீர்க் கோப்பையோடு எதிரில் நின்றதும், வாக்கியம் எங்கேயோ கழன்று, வாயில் நெஞ்செரிச்சல் மட்டும் மிஞ்சும். மருந்துக்கடை அம்மாவும் ஏதோ சொல்ல வந்து, "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு சார்" என்று முடித்துக்கொள்வார். இரண்டு பேரின் உடம்பிலும் அந்த வருடம் இல்லாத வியாதியெல்லாம் வந்து போயிற்று.

கடைசிப் பயணம் பெரிய வட்டத்துக்கு. பனி மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. பேராசிரியர் அம்மையார் விலையுயர்ந்த பூட்ஸ் போட்டு வந்திருந்தார். வட்டத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும் என்ற விதியைக் கேட்டு ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு, எப்படியும் ஒன்றும் தெரியவில்லை என்பதால், பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கி சிக்னல் தேடினார்.

"ரெண்டு பேரும் கல்லோட கல்லா ஒட்டி நிக்கணும்" என்றார் தலைவர். "இன்னிக்கு என் மானமே உங்க கையிலதான் இருக்கு."

மேற்குக் கல்லில் சாய்ந்தபோது கண்ணாடிக்காரர் ஒரு முடிவோடு இருந்தார். இன்று அவர் நகர மாட்டார். தன் பங்கு கலக்காமல், அந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்று அளவு சொல்லட்டும். ஒரு சாண் குறைந்தால் வாயைத் திறந்து கேட்டுவிடுவது. அரைச் சாண் குறைந்தாலும் கேட்டுவிடுவது. டேப் பனிக்குள் போய் மறைந்தது. முழங்கைகூடத் தெரியவில்லை. விறைப்பாக்கிவிட்டுக் குனிந்தார்.

முப்பது மீட்டருக்கு ஒரு விரல்கடை கூட.

வருடத் தொடக்கத்தில் இருந்த அதே அளவு. நூல் பிசகவில்லை.

அப்படியென்றால் அந்தச் சாண் தற்செயல். ஈரக் கல்லில் சாய மனசில்லாமல் அந்த அம்மா தள்ளி நின்றிருப்பார். அதை வைத்துக்கொண்டு ஓர் ஆள் அரை வருடம் சோறு தண்ணீர் மறந்து திரிந்திருக்கிறான். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரும்போலவும் இருந்தது, உட்கார்ந்துவிடலாம் போலவும் இருந்தது.

அளவைக் கேட்ட பேராசிரியர், "கல் கல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி இறங்கினார். உறுப்பினர்களும் ஒவ்வொருவராக, தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாக முணுமுணுத்தபடி, தேநீர் இருக்கும் திசையில் பனிக்குள் கரைந்தார்கள். இடுப்பில் நாடி உணர்ந்தவர் எல்லாருக்கும் முன்னால் போனார்.

படுத்துக் கிடந்த கல்லின் மேல் தலைவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். "நான் ராஜினாமா பண்ணிடறேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "வீட்டுக்குப் போயி அலமாரிக்கு அட்டை வைக்கறேன்."

கண்ணாடிக்காரர் அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் மேற்குக் கல்லுக்கே திரும்பிப் போய் டேப்பைச் சுருட்டினார். வளையத்தைக் கையில் பிடித்தபடியே, டேப்போடு சேர்ந்து பனியிலிருந்து மருந்துக்கடை அம்மா வந்தார். ஸ்வெட்டரில் பனித்துளி கோர்த்திருந்தது.

"சார். இன்னிக்கு நீங்க கல்லை விட்டு நகரவே இல்லை, இல்ல?"

கண்ணாடிக்காரருக்குக் காது சூடானது. "நீங்களும் நகரல மேடம்."

"நான் நகர்ந்தா எது யாரோடதுன்னு தெரியாமப் போயிருமே. நீங்க மட்டும் எவ்வளவு வர்றீங்கன்னு பாக்கத்தான் ஒட்டியே நின்னேன்."

"நானும் அதுக்குத்தான் நின்னேன்."

மருந்துக்கடை அம்மா டேப்பின் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு மழையில ஒரு முழம்னு தலைவர் சொன்னாரே. நான் வர்ற வழியெல்லாம் வேன்ல கணக்குப் போட்டேன். நான் முன்னால வந்தது ஒரு சாணுதான்" என்றார் மருந்துக்கடை அம்மா. பிறகு, "டிக்கெட் போட்டாச்சு. பையன் போட்டுட்டான்" என்றார்.

"ம்."

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். வருடம் முழுக்கக் கட்டி வைத்த வாக்கியங்களில் ஒன்றாவது வரும் என்று பார்த்தார். மருந்துக்கடை அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, உருகி உட்கார்ந்திருந்த தலைவர் பக்கம் திரும்பினார்.

"பாவம் அவரு. இன்னொரு தடவை அளந்து பாத்துடலாமா?"

கேட்டதுதான் தாமதம், தலைவர் எழுந்துவிட்டார். நடுவில் போய் நின்று, நம்பிக்கையே இல்லாதவரைப்போலக் கண்ணை மூடி, பழக்கத்தில் உள்ளங்கையை விரித்தார்.

மேற்குக் கல். முதுகில் குளிர். கண்ணாடிக்காரர் ஒரு சாண் நகர்ந்தார். டேப்பைச் சுருட்டினார். இன்னொரு சாண். பிறகு சாண் கணக்கை விட்டுவிட்டு நடந்தார். தன் நடைக்குத் தகுந்தபடி சுருட்டினாலும் டேப் தளர்ந்துகொண்டே வந்தது. சுருட்டச் சுருட்டத் தளர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ நடந்து வருகிறார்கள். தலைவரின் உள்ளங்கையில் டேப் இரண்டு பக்கமும் உரசி ஓடியது. அவர் உதடு துடித்தது.

"மூச்சு வாங்குது" என்று முனகினார். "இவ்வளவு வேகமா."

பனி விலகி முதலில் முழங்கை தெரிந்தது. பிறகு தோள். பிறகு முகம். தலைவருக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர், அந்தப் பக்கம் மருந்துக்கடை அம்மா. நடுவில் தலைவர், கண்ணை மூடி, கன்னத்தில் நீர் வழிய. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், தலைவரை. வருடம் முழுக்க ஏங்கிய முகம் அவருடைய தோளுக்கு மேல் இருந்தது. வட்டத்துக்குள் பேசக் கூடாது. மருந்துக்கடை அம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"போகாதீங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்பதில் தலைவரின் காதுக்கு ஈடு கிடையாது. ராஜினாமா செய்யப் போனவரைக் கற்களே தடுக்கின்றன. அவர் உடம்பு சிலிர்த்தது.

"போகல" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல், விம்மலோடு. "எங்கயும் போகல. இங்கயேதான் இருப்பேன்."

மருந்துக்கடை அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. கை குலுங்கியது. டேப் குலுங்கியது. நாடி இப்படித் துடித்து இதுவரை தலைவர் உணர்ந்ததில்லை. சிரிப்பு அடங்கியபோது மருந்துக்கடை அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அது சிரிப்பின் மிச்சமா, வேறா என்று ஊருக்கெல்லாம் கண் பார்க்கும் ஆளுக்குத் தெரியவில்லை.

"அளவு" என்றார் தலைவர். "அளவு எடுங்க சீக்கிரம்."

மருந்துக்கடை அம்மா கண்ணாடிக்காரரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். முகம் போயிற்று, தோள் போயிற்று, முழங்கை கடைசியாகப் போயிற்று. சுருள் கண்ணாடிக்காரரின் கையில் மெல்லச் சுற்றி அவிழ்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. கிழக்குக் கல் வந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் தன் கல்லுக்குத் திரும்பவில்லை. தலைவரின் பக்கத்திலேயே நின்றார். பாதி வட்டம்தான் அளவாகியிருந்தது. அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அப்புறம். டேப் விறைப்பாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி இழுத்துப் பார்க்கக் கூடாது என்று கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். டிக்கெட், பையன், கடல் என்று அந்தப் பக்கத்தில் யோசிக்க நிறைய இருக்கும். காற்று புல்லைத் தடவிக்கொண்டு போனது. பனி கொஞ்சமும் விலகவில்லை.

அப்புறம் விறைப்பு விட்டது. டேப் தலைவரின் உள்ளங்கையிலிருந்து லேசாகத் தொய்ந்தது.

ஒரு சாண் இருக்கும். கண்ணாடிக்காரர் சுருட்டினார்.